மாமியாரின் போனில் வந்த விளம்பரம்

என் மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்பதை மாமியாரின் போனுக்கு யார் சொன்னது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவனுக்கு இரண்டரை வயது. “ம்மா” என்பான். தண்ணீர் வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுத்துப் போவான். அவ்வளவுதான். அதைப் பற்றி என் போனில், எல்லோரும் பயன்படுத்தும் அந்தத் தேடுபொறியில் மட்டும்தான் கேட்டேன். வீட்டில் வாய் திறக்கவில்லை. சில நாளில், மாமியார் காலையில் பார்க்கும் ஜெப வீடியோவின் நடுவே ஒரு விளம்பரம் வந்தது: உங்கள் குழந்தை பேசவில்லையா?

“இன்னாம்மா இது, நம்ம புள்ளைக்கே சொல்ற மாதிரி இருக்குது?”

நான் பதில் தேடுவதற்குள் என் முகம் சொல்லிவிட்டது. அந்த ஞாயிறு ஆராதனையில், ஜெபக் குறிப்புகளோடு அதுவும் வாசிக்கப்பட்டது: வாய் பேசாத ஒரு சிறு பிள்ளைக்காக. பெயர் சொல்லவில்லை. சபையில் பாதிப் பேர் திரும்பி என் மடியைப் பார்த்தார்கள். மாமியார் அன்பினால்தான் எழுதிக் கொடுத்தார். அதனால் அவர்மேல் கோபப்படவும் வழியில்லை.

அன்றே மாறினேன், யாரையும் பின்தொடர்வதில்லை என்று சொல்லும் வேறொரு தேடுபொறிக்கு. ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கும் என் கணவர் சிரித்தார்.

“எங்க கம்பெனி ஷூவ வாங்கற பையர் ஒருத்தன்தான். அவன் கம்மி விலைக்குக் கேட்டாலும் தச்சுக் குடுத்துதான் ஆவணும். உன் போனுக்கும் அதே கதைதான். எங்க போவ நீ?”

“போய்ப் பாக்கறேன்.”

பார்த்தேன். எங்கள் ஆம்பூர் பக்கத்தில் பேச்சுப் பயிற்சி என்று தமிழில் தட்டினால் சென்னையைக் காட்டியது, கோயம்புத்தூரைக் காட்டியது, ஒருமுறை பிரியாணிக் கடையைக் காட்டியது. ஆங்கிலத்தில் கேட்டால் ஏதோ வெளிநாட்டு ஊர். இரண்டு மாதம் அதிலேயே தேடினேன். பிடிவாதம் என்னுடையது, வீணாகப் போனவை என் மகனின் நாட்கள்.

கடைசியில் பழையதைத் திறந்தேன். வாணியம்பாடியில் ஒரு பயிற்சியாளர் இருப்பதை நொடியில் காட்டியது, திறக்கும் நேரம், போகும் வழி எல்லாவற்றோடும். என் ரகசியத்தை ஊரெல்லாம் சொன்னவனிடமே வழி கேட்டு நின்றேன்.

இப்போது அங்கே போகிறோம். “அதான் ஜெபம் பண்றோமே, இன்னும் எதுக்கு அலையற?” என்கிறார் மாமியார். அவர் போனில் இப்போது சிறப்புப் பள்ளிகளின் விளம்பரங்கள் வருகின்றன.

போன வாரம் பயிற்சியாளர் தயங்கித் தயங்கி ஒரு குறைபாட்டின் பெயரைச் சொன்னார். “உறுதியா சொல்லலம்மா. வேலூர்ல பெரிய டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிடுங்க.” அந்தச் சொல்லை நான் இன்னும் எதிலும் தட்டவில்லை. பழையதில் தட்டினால், நான் தெரிந்துகொள்ளும் முன் வீடு தெரிந்துகொள்ளுமோ என்று பயம். புதியதில் தட்டினால், வேலூரில் யாரைப் பார்ப்பதென்று அதற்குத் தெரியாது. இப்படித் தள்ளிப்போடுவதும் தப்பென்று தெரிகிறது.

மாமியார் வீட்டில், ஒரே வைஃபையில் இருந்துகொண்டு பிள்ளை வளர்ப்பவர்களே, இப்படிப்பட்டதை நீங்கள் எதில் தேடுகிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.