சாப்பாட்டு மேசையில் ஸ்டீயரிங் பெட்டி

என் அண்ணி பள்ளி வேன் ஓட்டுகிறார். பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் அவர் ‘வேன் அக்கா’. அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் தையல் மெஷின்களைப் பழுது பார்த்தார். அங்கே டெய்லராக இருந்த என் அண்ணனைத்தான் கட்டிக்கொண்டார். நான் அவர்கள் வீட்டு மாடியில் இருக்கிறேன். அதனால் இது கண்ணால் பார்த்த கதை.

வேனின் பவர் ஸ்டீயரிங் பெட்டி எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. எண்ணெய் குறையக் குறைய ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. சாயங்காலம் வீடு திரும்பினால் அண்ணியால் ஒரு பாட்டில் மூடியைக்கூடத் திருக முடியாது.

வொர்க்‌ஷாப்காரர் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“பெட்டியையே மாத்திடுங்கம்மா. புதுசு வர ரெண்டு மாசம் ஆகும்.”

“உள்ள எண்ணெய் கசியாம அடைக்கிற சீல்தானே போயிருக்கு? அதை மட்டும் மாத்தக் கூடாதா?”

“அதைப் பிரிக்கிறது கடிகாரத்தைப் பிரிக்கிற மாதிரிம்மா. நாங்களே கை வைக்க மாட்டோம்.”

“கடிகாரமும் பிரிச்சிருக்கேன்ணே” என்று சொல்லிவிட்டு அண்ணி வண்டியைக் கிளப்பினார்.

பள்ளிக்குப் பத்து நாள் விடுமுறை விட்டதும் சாப்பாட்டு மேசை பறிபோனது. பழைய போர்வையை விரித்து, கழற்றிய பெட்டியை அதன்மேல் வைத்தார். மூன்று வயதுப் பிள்ளையின் கனம் இருந்தது அது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் போட்டோ எடுத்துக்கொண்டார். உள்ளேயிருந்த இருபத்தாறு எஃகுக் குண்டுகளும் ஒரு டம்ளருக்குள் கலகலவென்று விழுந்தன. ஒவ்வொன்றையும் விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார்.

“ஒண்ணுகூடத் தேயல. சீல் செஞ்ச தப்புக்குப் பெட்டியவே தூக்கிப் போடச் சொல்றாரு பாரு!”

புது சீல்களில் ஒரு வெள்ளை வளையம் மட்டும் அடம் பிடித்தது. வெந்நீரில் போட்டு இளக்கித் தண்டில் ஏற்றினால், ஏறியபின் தொளதொளவென்று நின்றது. சீருடைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்து, ஒரு பட்டு ரிப்பனை அதன்மேல் இறுக்கிச் சுற்றிக் கட்டினார்.

“இடுப்புப் பட்டி லூசா இருந்தா பிடிச்சுத்தானே தைக்கிறோம்? விடியற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்.”

காலையில் ரிப்பனை அவிழ்த்தபோது வளையம் தண்டின் பள்ளத்தோடு படிந்திருந்தது.

ஆறாம் நாள் பெட்டியை வண்டியில் பூட்டி, முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ஸ்டீயரிங்கைத் திருப்பினார். இடப்பக்கம் இரண்டு சுற்றுக்கு மேல் போனது. வலப்பக்கம் ஒன்றரையிலேயே நின்றுவிட்டது. அந்த வழியாகப் போன வொர்க்‌ஷாப்காரர் தன் வண்டியை நிறுத்தி, “நான் அப்பவே சொன்னேனேம்மா” என்றார்.

அண்ணியின் முகம் சுண்டிப் போனது. வாசற்படியில் உட்கார்ந்து போட்டோக்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அரைமணி கழித்து எழுந்தார்.

“உள்ள இருக்கிற பல்சக்கரத்தோட நடுப்பல்லு நடுப்பள்ளத்துல உக்காரணும். நான் ஒரு பல்லு தள்ளி உக்கார வச்சிட்டேன். தப்பு என்னுதுதான், பெட்டியோடது இல்ல.”

மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்தார். முதல் தடவை ஆறு நாள் பிடித்த வேலை, இந்தத் தடவை ஒரே பகலில் முடிந்தது. திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

அத்தோடு விடவில்லை. பிள்ளைகளின் கனத்துக்கு மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினார். பிறகு வாகன ஆய்வாளரிடம் கொண்டுபோய் நிறுத்தினார். நானும் கூடப் போனேன். ஆய்வாளர் வண்டிக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒழுகவில்லை. ஏறி உட்கார்ந்து ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தார்.

“வேலை சுத்தமா இருக்கே. எந்த வொர்க்‌ஷாப்?”

“எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசை, சார்.”

அவர் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களா?” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நாத்தனார் என்றால் எதிலும் ஒரு நொட்டை சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நானே ஒரு முழம் வளர்ந்துவிட்டதுபோல் நிமிர்ந்து நின்றேன்.

அடுத்த மாதம் வொர்க்‌ஷாப்காரர் போன் செய்தார். அதே மாதிரி இன்னொரு வேன், அதே ஒழுக்கு. “ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களாம்மா?”

அண்ணி தன் சொந்த ஸ்பேனர்களோடு போனார். நாலு மெக்கானிக்குகள் சுற்றி நிற்க, பெட்டியின் மூடியைத் திறந்தார்.

“அண்ணே, டார்ச்சைக் கொஞ்சம் இப்படிப் பிடிங்க.”

வொர்க்‌ஷாப்காரர் பிடித்தார்.