காபி வாசம் வந்த பிறகும்

சாயங்காலம் ஐந்து இருபதுக்கு ஓவனிலிருந்த காபி-சாக்லேட் பிஸ்கட்டுகள் மணக்கத் தொடங்கின. "அடுத்த தட்டுக்கு சாக்லேட் பத்தாதும்மா, வாங்கிட்டு ஓடியாந்துட்றேன்" என்று ஸ்கூட்டரில் போன மகள் ஷைனி அதற்குள் திரும்பியிருக்க வேண்டும். அவள் போன் அணைந்திருந்தது.

காபியும் சாக்லேட்டும் கலந்த வாசம் வீடு முழுக்கப் பரவியது. ஆம்பூரில் நான் வளர்ந்த வீட்டில் குடிப்பது டீதான். காபித்தூள் கை கழுவுவதற்கு. அப்பா தோல் பதனிடும் டேனரியிலிருந்து வந்ததும் அம்மா அவருடைய ஈரக் கையில் சிக்கரி கலந்த மலிவான காபித்தூளைக் கொட்டுவார். தோல் நாற்றம் போக முழங்கை வரை தேய்த்து, விரல்களை முகர்ந்து பார்த்த பிறகே அப்பா எங்களைத் தொடுவார். ஒருமுறை தோழி வீட்டில் டம்ளரில் காபி கொடுத்தபோது, வெளியே போய் அதில் கை கழுவினேன். "இன்னாடி, நான் போட்ட காபி அவ்ளோ மோசமாவா இருக்குது?" என்றார் அவள் அம்மா.

அந்த வாசத்துக்கு எனக்கு ஒரே பொருள்தான்: வெளியே போனவர் வந்துவிட்டார். இன்று வாசம் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. ஓவனை அணைத்துவிட்டு வாசலில் நின்றேன். நெடுஞ்சாலையில் ஹாரன் கேட்கும்போதெல்லாம் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இருட்டும் நேரத்தில் ஷைனி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "பஞ்சர்மா. போன்லயும் சார்ஜ் இல்ல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடும்மா, வலிக்குது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சரி, இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சிக்க."