கால் முன்னே வந்தவனின் முதுகு

நான் பிறக்கும்போது தலைக்கு முன்னே கால்தான் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் அடிமுதுகில் விழுந்த நாரிப்பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வாங்குப் பலகையில் இருந்து இருந்து நாரி நோகுது என்று மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, படிப்புக் கேட்காமல் கிடைத்த ஒரே உத்தியோகம் அது. எங்கள் ஊர் ஜெயபுரத்தில் மூட்டை இறக்கி முதுகு பிடித்தவன், உழவு மெசினில் குலுங்கி வந்தவன் எல்லாரும் எங்கள் முற்றத்தில் குப்புறப் படுப்பார்கள். நான் இடது காலால் மெல்ல மிதிப்பேன். சிலர் எழும்பி நடப்பார்கள். எழும்பாதவர்களுக்கு நேரம் சரியில்லை என்று சொல்லிவிடுவேன்.

போன காலபோக நெல் விதைப்பில் வாய்க்காலுக்குள் கிடந்த தண்ணீர்ப் பம்பைக் குனிந்து தூக்கி, தூக்கிய கையோடு திரும்பினேன். நாரிக்குள் ஏதோ சறுக்கியது. குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன். தூரத்தில் நின்றவர்கள் நான் நண்டு பிடிக்கிறேன் என்று நினைத்தார்களாம்.

வலி மெல்ல இடது காலுக்குள் இறங்கியது. பிறகு வலியோடு, தொட்டாலும் தெரியாத விறைப்பும் சேர்ந்தது. பெருவிரலைத் தூக்கப் பார்த்தால் அது வேறொருவருடைய விரல் போலக் கிடந்தது. செருப்புக் கழன்று விழுந்தாலும் தெரியாது. சேற்று வரம்பில் அந்தக் காலை நம்பி நடக்க முடியாது. வரம்பில் நடக்காமல் வயல் செய்ய முடியாது.

பக்கத்து வளவுத் தம்பி வந்து பார்த்தான்.

"என்ன அண்ணை, ஊருக்கெல்லாம் நீங்கள் மிதிச்சீங்கள். உங்களுக்கு ஆர் மிதிக்கிறது?"

"காலைக் கழட்டித் தாறன், நீயே மிதி."

அவன் போய், என்னைப் போலவே காலால் பிறந்த ஓர் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நல்ல மனசு. ஆனால் ஆள் நெல்லு மூட்டையை விடக் கனம். சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்கள் ஏறினால் இந்த மனிசனைப் பாயோடதான் சுருட்ட வேணும். தேத்தண்ணி குடியுங்கோ. நாங்கள் நாளைக்கு ஆசுப்பத்திரிக்குப் போறம்."

டொக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, உடற்பயிற்சி சொல்லித் தரும் பிள்ளையிடம் அனுப்பினார். அந்தப் பிள்ளை கேட்ட முதல் கேள்வியே வெட்கக்கேடு.

"ஐயா, சலம், மலம் போறது வழமை மாதிரித் தெரியுதோ?"

"நல்லாத் தெரியுது பிள்ளை. அது ஒண்டுதான் சொல்வழி கேக்குது."

"பகிடி இல்லை ஐயா. அது தெரியாமப் போனாலோ, ரெண்டு காலும் விறைச்சாலோ அந்த நிமிசமே ஓடி வரவேணும்."

சிரிப்பை விழுங்கினேன். பிறகு அவள் கம்பியில் தொங்கிய பிளாஸ்டிக் முதுகெலும்பைக் கையில் எடுத்தாள். என்னைப் பிறந்த நாளிலிருந்து நிமிர்த்தி வைத்திருந்த சாமானை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எலும்புக்கு மேல் எலும்பு. இரண்டு எலும்புக்கு நடுவில் ஒரு மெத்தை, அதற்குள் நுங்கு மாதிரி ஒன்று. பின்னால் ஓடும் குழாய்க்குள் நரம்புகள். குளத்திலிருந்து வரும் வாய்க்கால் கிளை பிரிந்து வயலுக்கு வயல் போவது போல, அவை கால் விரல் வரைக்கும் போகின்றன. இதன் மேலா இவ்வளவு காலமும் ஏறி நின்றேன் என்று நினைக்க உடம்பு புல்லரித்தது.

"அப்ப என்ர கடைசி வயலுக்குத் தண்ணி வரேல்ல."

"ஓம் ஐயா. மெத்தை பிதுங்கி வாய்க்காலை நெரிக்குது. கனபேருக்கு அது தன்பாட்டில வத்திப்போகும். அடுத்த கிளினிக் நாளுக்குள்ள விரல் எழும்பாட்டி ஒப்பிரேசன் பற்றி யோசிக்க வேணும்."

அதோடு, படுத்துக் கிடக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொன்னாள். பாரம் தூக்குவதென்றால் முழங்காலை மடித்து, சாமானை வயிற்றோடு அணைத்து எழும்பவேண்டும். தூக்கியபடி இடுப்பைத் திருப்பக்கூடாது. நான் மிதிக்கிற கதையைக் கேட்டுவிட்டு, இனி எவர் முதுகிலும் ஏறவே கூடாது என்றும் சொன்னாள். என் உத்தியோகம் அதோடு போய்விட்டது.

இன்னொன்றும் சொன்னாள். பகல் முழுக்க நம்முடைய பாரத்தில் அந்த மெத்தைகள் நசிந்து தண்ணீர் விடுமாம். படுத்தால் திரும்பக் குடித்து ஊதுமாம். வயது போகப் போக அந்தத் தண்ணீர் குறைந்துகொண்டு போகுமாம். காலையில் ஆள் கொஞ்சம் உயரமாம். நான் நம்பவில்லை. வீட்டுக் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று, பொழுதுபட மனைவியைக் கொண்டு கரியால் ஒரு கோடு போடுவித்தேன். விடிய எழும்பியதும் திரும்ப நின்றேன். புதுக் கோடு பழைய கோட்டுக்கு மேலே விழுந்தது. நித்திரை கொள்வதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. எனக்குள் யாரோ இரா முழுக்க வேலை செய்திருக்கிறார்கள். கூலியும் கேட்கவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இந்த வயசில வளர்ந்திருக்கிறன், பாரும்."

"உடம்பு மட்டும்தானே" என்றாள் மனைவி.

ஒவ்வொரு நாளும் றோட்டுக்கரையால் நடந்தேன். முதலில் மதகு வரைக்கும், பிறகு கோயில் வரைக்கும். விரல் அசையவில்லை. கிளினிக் நாள் கிட்ட வர, எனக்குப் பகிடியும் வரவில்லை.

ஒரு நாள் விடிய முற்றத்தில் கதிரையில் இருந்துகொண்டு காலைப் பார்த்தபடி, எழும்படா என்று மனதுக்குள் சொன்னேன். பெருவிரல் மண்ணை விட்டு எழும்பியது. ஒரு நெல்லுமணி உயரம்தான். காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். திரும்பச் சொன்னேன். திரும்ப எழும்பியது.

"இஞ்ச வாருமப்பா."

அவள் அகப்பையோடு வந்தாள். நான் காலைக் காட்டினேன். அவள் குந்தி இருந்து பார்த்தாள். விரல் எழும்பியது. நக்கலாக ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் அகப்பையை மடியில் வைத்துவிட்டு, என் பாதத்தில் கையை வைத்தாள்.

"இன்னொருக்காக் காட்டுங்கோ."