ஓட்டை அடைத்த பால் டின்கள்

கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டு எடுத்த பிறகுதான் கனகரட்ணம் வல்லாரையைத் தொடுவார். ஒரு டின்னிலிருந்து கொடி தாவி அடுத்த டின்னில் வேர்விடப் பார்த்தால் நறுக்கிவிடுவார். "விட்டா ஆஸ்பத்திரிக் கட்டிலிலயும் ஏறிப் படுத்திடும்" என்பார். சிரிக்கமாட்டார்.

சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் அவர் டிரஸர். டாக்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். மலேரியா, பிரசவம், கத்திக்காயம் எல்லாம் இவர் கைக்குத்தான். யாழ்ப்பாணத்து மனிதர். மத்தியானச் சோற்றுக்கு வல்லாரைச் சம்பல் இல்லாவிட்டால் மருந்தின் அளவு மறந்துபோகும் என்று நம்புகிறார். சோதித்துப் பார்க்க யாரும் துணியவில்லை.

முன்பெல்லாம் ஓடைக்கரையில் பறித்துக்கொள்வார். வெள்ளைக்கார அரசின் அவசரகாலம் வந்து குடியிருப்பைச் சுற்றி முள்கம்பி இழுத்ததும், ஓடை வெளியே போய்விட்டது. ஆகவே பால் டின்கள். காட்டில் ஒளிந்து போராடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாதென்று கடைக்காரர் எந்த டின்னையும் மேலும் கீழும் ஓட்டை போட்டுத்தான் விற்கிறார். வல்லாரைக்கோ ஈரம் நிற்க வேண்டும். கனகரட்ணம் மேல்மூடிகளை வெட்டி எறிந்தார். அடி ஓட்டைகளை ரப்பர் பால் விட்டு அடைத்தார். இருபத்துமூன்று டின்கள். ஓட்டை அடைத்த டின்னோடு பிடிபடுகிறவனை, காட்டுக்குச் சாப்பாடு பதுக்கினான் என்று விசாரணையில்லாமல் உள்ளே வைக்கலாம். அந்தப் பக்கம் அவர் யோசனை போகவில்லை.

சோதனைக்கு வந்த போலீஸ் சார்ஜண்ட் தனபாலன் ஒரு டின்னைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

"டிரஸர் ஐயா, ஓட்டைய அடைச்சது யாரு?"

"நான்தான். தண்ணி நிக்கோணுமே."

"பூச்செடின்னு சொல்லுங்கலா. எழுதிட்டுப் போயிடுறேன்."

உள்ளேயிருந்து மனைவி மனோரஞ்சிதம், "இஞ்சருங்கோ, ஓமெண்டு சொல்லுங்கோ. லொறி வாசல்லதான் நிக்குது" என்றாள்.

"பூச்செடியில்லத் தம்பி. தின்னுற சாமான். நான் தினமும் தின்னுறன்."

இதை நேர்மை என்று பாராட்ட அவசரமில்லை. மருந்துப் போத்தலில் தவறான சீட்டு ஒட்ட அவருக்கு வராது, அவ்வளவே.

தனபாலன் லொறியைப் பார்த்தார். பிறகு, போன மாதம் தம் தொடைக் கட்டியைக் கீறிவிட்ட அந்தக் கைகளைப் பார்த்தார்.

"உங்கள ஏத்திட்டுப் போனா இங்க ஊசி யாரு போடுறது? எல்லா ஓட்டையும் இப்பவே திறங்க. நாளைக்கு வருவேன். ஒண்ணு அடைச்சிருந்தாலும் லொறிதான், ஐயா."

கனகரட்ணம் இருபத்துமூன்றையும் குத்தித் திறந்தார். தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

"இனிப் பட்டுப்போகும்" என்றாள் மனோரஞ்சிதம்.

மறுநாள் தனபாலன் வந்தபோது டின்கள் இரண்டு நீளக் கட்டைகளின் மேல், இடைவெளியில் அடி தெரிய, உயரமாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வோர் ஓட்டைக்கும் நேர் கீழே, ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற மங்கு ஒன்று. சார்ஜண்ட் குனிந்து ஓட்டைகளை எண்ணினார். ஒன்றும் அடைபடவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லும் தம்பி" என்றார் கனகரட்ணம். முதல் மங்கில் சொட்டியிருந்த தண்ணீரை அதே டின்னில் ஊற்றினார். மங்கு பழைய இடத்துக்குப் போயிற்று. அவர் இரண்டாவதற்கு நகர்ந்தார்.