ஜானகியம்மாள் காதுல இருந்த ஈர்க்கு

கட்டுக்கதை கேக்கணும்னா வேற ஆளப் பாருங்க. இது நடந்தது. 1967, ஆடி மாசம், பொன்னேரி பக்கத்துல ஒரு ஊரு. ராத்திரியில கூட இல்ல, நல்ல உச்சி வெயில்ல நடந்தது. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். ஆனா குப்பம்மா எதிர்ல சிரிச்சுடாதீங்க, அவ வாயில உழுந்து எழுந்தவங்க கெடையாது.

குப்பம்மாளுக்குப் புருசனும் இல்ல, புள்ளயும் இல்ல. நெலக்காரங்க ஊட்டு ஜானகியம்மாள் படுத்த படுக்கையா கெடந்தப்போ, மூணு மாசம் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, பீ மூத்திரம் அள்ளினவ அவதான். பெத்த புள்ள தேவராஜன் எட்டிக்கூடப் பாக்கல.

சாவுறதுக்கு ஒம்போது நாளு முன்னாடி, தலை தொவட்டறப்போ குப்பம்மா பாத்தா. ஜானகியம்மாள் காதுல கெம்புத் தோட்டைக் காணோம். ஓட்டை தூர்ந்துடாம இருக்க, ரெண்டு காதுலயும் தொடப்பத்து ஈர்க்கு.

"இன்னாம்மா இது? தோடு எங்க?"

அந்தம்மா அவ கையைப் புடிச்சுக்கினாங்க. "நீ இல்லாத நேரத்துல எம்புள்ள வந்து கழட்டிக்கினு போயிட்டான். எளாவூர்ல லாரி வாங்கணுமாம். யாராண்டயும் சொல்லாதடி, மானம் போயிடும். எனக்குச் சத்தியம் பண்ணு."

குப்பம்மா சத்தியம் பண்ணா. புண்ணு வராம இருக்க ஈர்க்கு நுனியில மஞ்சளைத் தடவி, அவளே திரும்பச் சொருகி உட்டா.

ஜானகியம்மாள் போய்ச் சேந்த அன்னிக்கு, மத்த பொம்பளைங்க வர்றதுக்குள்ள அந்த ரெண்டு ஈர்க்கையும் உருவி, செத்தவங்க கொண்டைக்குள்ளயே மறைச்சுட்டா. ஈர்க்கோட பாத்தா ஊரு கேவலமாப் பேசுமேன்னு நெனச்சா. சிதையில அதுவும் சேந்து எரிஞ்சுபோச்சு. தோடு முன்னாடியே போனதுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். பாருங்க, நல்லது செய்யப்போய் அங்கதான் மாட்டிக்கினா.

மூணாம் நாளே தேவராஜன் தெருவுல நின்னு கத்தினான். "கடைசி மூச்சு வரைக்கும் எங்கம்மா காதுல தோடு இருந்துது. கூட இருந்தவ இவதான். திருடி!"

ஊர் மணியக்காரர் தணிகாசலம் கூட்டம் போட்டாரு. "குப்பம்மா, இன்னா சொல்ற?"

"நான் எடுக்கல."

"அப்போ யாரு எடுத்தது?"

செஞ்ச சத்தியத்தை மீற முடியல. ஆனா தலை குனியல. "அதைச் சொல்லமாட்டேன். குத்தம் சொன்னவரு அம்மன் கோயில்ல கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணட்டும். அப்புறம் நான் பத்து தபா அணைக்கிறேன்."

"அணைக்கிறேன்!"ன்னான் தேவராஜன். அடப்பாவி, கண்ணு கூடச் சிமிட்டல.

வெள்ளிக்கெழம பன்னண்டு மணின்னு முடிவாச்சு. அவன் அணைச்சுட்டா, குப்பம்மா அங்கேருந்தே போலீசுக்கு. அப்புறம் ஜெயிலு.

செவ்வாக்கெழம. மில்லு சங்கு பன்னண்டு மணிக்கு ஊதிச்சு. குப்பம்மா அடுப்பாண்ட குந்தியிருந்தா. குப்புனு மஞ்சள் வாசனை. கூடவே... ஏதோ கருகின நாத்தம். வெளிய எட்டிப் பாத்தா ஒருத்தரும் இல்ல. தண்ணி தெளிச்ச வாசல்ல ரெண்டு காலடி இருந்துது. வந்த தடம் இல்ல. போன தடமும் இல்ல. நின்ன தடம் மட்டும்.

புதன்கெழம. பன்னண்டு மணி. சங்கு ஓய்ஞ்சுது.

டக்... டக்...

வாசல் படலை யாரோ வெரல்ல தட்டினாங்க. ஜானகியம்மாள் படுக்கையில கெடந்து தண்ணி கேக்கறப்போ கட்டிலை அப்படித்தான் தட்டுவாங்க. ரெண்டே தட்டு.

குப்பம்மா எழுந்துக்கவே இல்ல.

வியாழக்கெழம. பன்னண்டு அடிச்சு ரெண்டு நிமிசம்.

டக்... டக்...

படல் தானாத் தொறந்துது.

வாசல்ல ஜானகியம்மாள்.

கொளுத்துற வெயிலு. நெழலு இல்ல. ரெண்டு காதுலயும் ஈர்க்கு. பாதி கருகிப் போயிருந்துது. நுனி மட்டும்... மஞ்சள்.

குப்பம்மாளுக்குப் பயத்துக்கு மேல கோவம் வந்துச்சு பாருங்க!

"ஏம்மா! உனக்குப் பண்ண சத்தியத்துக்குத்தான் வாய மூடிக்கினு திருடிப் பட்டம் சொமக்கிறேன். நாளைக்கு ஜெயிலுக்குப் போவப்போறேன். நீ இன்னான்னா என் ஊட்டு வாசல்ல வந்து நிக்கிற? உம்புள்ள ஊடு தெரியாதா உனக்கு? அங்க போய் நில்லு! போ!"

ஜானகியம்மாள் கையைத் தூக்கினாங்க.

ஒரு ஈர்க்கை உருவினாங்க...

இன்னொண்ணு...

குப்பம்மா கண்ணைச் சிமிட்டினா.

வாசல் காலி.

வெள்ளிக்கெழம. பன்னண்டு மணி. சங்கு ஊதிச்சு. கோயில்ல கற்பூரம் தயாரு. குப்பம்மா நிமிந்து நின்னா. தேவராஜன் வரல. பன்னண்டு பத்து. வரல. எல்லாரும் அவன் ஊட்டுக்குப் போனாங்க, குப்பம்மாளும்தான். கதவு உள்தாப்பாள் போட்டிருந்துது. ஒடைச்சாங்க.

மூலையில குந்தியிருந்தான். ரெண்டு காதையும் பொத்திக்கினு.

"எடுங்க... எடுங்க..."

தணிகாசலம் அவன் கையைப் பிரிச்சாரு.

ரெண்டு காதுலயும் ஈர்க்கு. பாதி கருகினது. நுனியில மஞ்சள்.

கொழந்தையில காது குத்தினதுதான். அவனுக்கு மீசை மொளைக்கறதுக்கு முன்னாடியே தூர்ந்துபோச்சு. ஊருக்கே தெரியும்.

"நாந்தான் கழட்டினேன்... எங்கம்மா தோட்டை நாந்தான் கழட்டினேன்..."

ஊரே கேட்டுது. குப்பம்மா திரும்பக் கோயிலுக்கு நடந்தா. "போதும்மா, வேணாம்"னு தணிகாசலம் தடுத்தாரு. "நீங்க சொன்னதுக்கு இல்ல, எனக்காக"ன்னு சொல்லி, கற்பூரத்தை உள்ளங்கையால அமுக்கி அணைச்சா. யார் மொகத்தையும் பாக்காம ஊட்டுக்குப் போனா.

ஈர்க்கை எடுக்க உள்ளூர்ல யாருக்கும் தைரியம் இல்ல. பொன்னேரி டாக்டர்தான் எடுத்தாரு. கூடப் போன தணிகாசலம் ரொம்ப நாளு கழிச்சுத்தான் அதை வெளிய சொன்னாரு. காதுல புண்ணு இல்ல. ஒரு பொட்டு ரத்தம் இல்ல. டாக்டர் வெளக்கைப் புடிச்சு ரொம்ப நேரம் பாத்துட்டுக் கேட்டாராம்.

"ஓட்டை தொங்கிப்போய் இருக்கே. இது அறுபது வருஷமா கனமான தோடு போட்ட காது. இவருக்கு என்ன வயசு?"

தேவராஜனுக்கு அப்போ முப்பத்தொண்ணு.