கை தேவைப்படும் வேலைகள்

அந்தப் படிவத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. என்ன வேலை, யார் செய்கிறார், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, தூரத்திலிருந்தே செய்ய முடியுமா. சென்னையிலிருந்து ஈமெயிலில் வந்தது. ஒரு வாரத்தில் நிரப்பி அனுப்பச் சொன்னார்கள். நிரப்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது. யாரையும் அடிக்கவில்லை, யாரைப் பற்றியும் கோள் மூட்டவில்லை. கட்டம் கட்டமாக, பிழையில்லாமல், ஒரு படிவத்தை நிரப்பினேன்.

சின்னமனூருக்கும் தேனிக்கும் நடுவே, ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த நூற்பு மில் அது. இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. முதலாளிக்கு வேறு ஊர்களிலும் மில்கள் உண்டு. எல்லா மில்லின் நூல் இருப்பும் ஆர்டரும் எங்கள் அறையில் இருந்த ஐந்து சர்வர்களில்தான் வந்து சேரும். அந்த அறைக்கு நான் பொறுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பின்னிங். இரவும் பகலும் நின்றறியாத இரைச்சல். இரைச்சலைச் சுவர் கொஞ்சம் தடுத்தது. பஞ்சைத் தடுக்கவில்லை. பஞ்சுக்குச் சுவர் தெரியாது, கண்ணாடிக் கதவு தெரியாது. புருவத்தில் இருக்கும், சட்டைப்பையில் இருக்கும், தூக்குவாளியைத் திறந்தால் ரசத்தில் மிதக்கும். ஒரு சித்திரை மதியம் ஒரு சர்வரின் விசிறியில் பஞ்சு அடைத்து, சூடேறி, அது செத்தே போனது. அதற்குப் பிறகுதான் ஸ்பின்னிங் பக்கத்திலிருந்து அக்கா அந்த அறைக்கு வந்தாள்.

அக்காவுக்கு நாற்பதைத் தொடும் வயது. ஊர் கடமலைக்குண்டு. தினமும் மில் வேனில் வருவாள். பத்து வருஷம் ஸ்பின்னிங்கில் சைடர் வேலை. ஓடுகிற மெஷினில் அறுகிற இழைகளை ஓடி ஓடி ஒட்ட வேண்டும். பத்தாம் வருஷம் இழுப்பு வந்துவிட்டது. மில்லில் அதற்குத் திங்கட்கிழமை நெஞ்சு என்று பெயர். ஞாயிறு ஒருநாள் நல்ல காற்றைக் குடித்துவிட்டு வருகிற நெஞ்சு, திங்கள் காலையில் பஞ்சைக் கண்டதும் அடைத்துக்கொள்ளும். ஸ்பின்னிங் மாஸ்டரிடம் நான்தான் அவளைக் கேட்டு வாங்கினேன். எனக்குப் பஞ்சு தெரிந்த கை வேண்டும். அவளுக்குப் பஞ்சு குறைந்த ஓர் அறை வேண்டும். பெயர் ஸ்பின்னிங் ரெஜிஸ்டரிலேயே கிடந்தது. ஆள் மட்டும் எங்கள் அறைக்கு வந்தாள்.

முதல் நாள் ஏ.சி.க்கு நேரே போய் நின்றுகொண்டாள்.

"ஏந்தம்பி, இம்புட்டுக் குளுமையும் இந்தப் பொட்டிகளுக்கா?"

"ஆமாக்கா. இல்லன்னா சூடாயிரும்."

"மாமியா வீட்டுக்கு வந்த மருமகன் கணக்கால்ல வச்சுப் பாக்குறாக! சரி, அதுக புண்ணியத்துல நானும் ரெண்டு மூச்சு விட்டுக்கிறேன்."

விட்டுக்கொண்டாள். இரண்டு மாதத்தில் மாத்திரை குறைந்தது. ஆறு மாதத்தில் பாட்டு வந்தது. வேலை செய்யும்போது ஏதாவது முனகிக்கொண்டே இருப்பாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெயின்ட் பிரஷால் ஒவ்வொரு சர்வரின் முதுகிலும் படிந்த பஞ்சைத் துடைப்பாள். வாசலில் ஈரச் சாக்கு போடுவாள். காய்ந்தால் மறுபடி நனைப்பாள். காலை பதினொன்றுக்கு பேக்கப் டேப்பை மாற்றுவாள். ஒருநாள், நான் கேட்காமலே, ஒவ்வொரு சர்வருக்குப் பின்னாலும் ஒரு முழ நூலைக் கட்டிவிட்டாள். விசிறி ஓடினால் நூல் பறக்கும். பஞ்சு அடைக்க ஆரம்பித்தால் நூல் துவளும். கதவருகே நின்றே பார்த்துக்கொள்ளலாம். "மூணாவது ஆளு சடைஞ்சு போயிருக்கான் தம்பி" என்பாள், நாற்காலியை விட்டு நான் எழுவதற்கு முன்பே. அந்த நூல்களுக்குப் பிறகு ஒரு சர்வரும் சாகவில்லை.

பிறகு ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஐ.டி. மேனேஜர் வந்தார். இனி எல்லாவற்றையும் சென்னையில் ஒரு கம்பெனி அங்கே இருந்தபடியே பார்த்துக்கொள்ளும் என்றார். லைன் போட்டாயிற்று, ஒப்பந்தம் போட்டாயிற்று. "இந்த ரூமுக்கு ஒரு ஆள் போதும். அந்த ஆள் யாருங்கறத நீங்க நிரப்புற ஃபார்மே சொல்லிடும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை.

உட்கார்ந்து நிரப்பத் தொடங்கினேன். பாஸ்வேர்டு மாற்றுவது: தூரத்திலிருந்தே முடியும். புதிய ஆட்களைச் சேர்ப்பது: முடியும். வைரஸ் பார்ப்பது, டிஸ்க் நிரம்புகிறதா என்று பார்ப்பது, லைன் விழுந்தால் தூக்கிவிடுவது: முடியும், முடியும், முடியும். மதுரையில் மூன்று வருஷம் படித்தது, மில்லில் எட்டு வருஷம் கற்றது, எல்லாவற்றுக்கும் நேரே "முடியும்" என்று என் கையாலேயே எழுதிக்கொண்டு போனேன். இரண்டாம் பக்கம் முடியும்போது என் வேலை முடிந்துவிட்டது. நான் ஒரு மனிதனாக அந்த அறையில் உட்கார்ந்திருக்க ஒரு காரணமும் மிஞ்சவில்லை.

மூன்றாம் பக்கத்தில் மிஞ்சியவை, கை தேவைப்படும் வேலைகள். பஞ்சு துடைப்பது. டேப் மாற்றுவது. ஏ.சி. தண்ணீர் வாளியைக் கொட்டுவது. விசிறிகளைக் கண்ணால் பார்ப்பது. அத்தனையும் அக்காவின் வேலைகள். "யார் செய்கிறார்" என்ற கட்டம் காலியாக இருந்தது. வீட்டில் கைக்குழந்தை. பழனிசெட்டிபட்டியில் பாதி எழும்பி நின்ற வீடு. இதையெல்லாம் இப்போது சொல்கிறேன், அப்போது இதையெல்லாம் யோசித்தேனா என்று தெரியவில்லை. அந்தக் கட்டங்களில் என் பெயரை எழுதினேன். நான்கு வரியிலும்.

இரண்டு நாள் கழித்து சென்னையிலிருந்து ஒரு இளைஞனின் குரல். மிகவும் பணிவு.

"சார், விசிறியில பஞ்சு துடைக்கிறதுன்னு போட்டிருக்கீங்களே. சர்வர்ல பஞ்சு எப்படி சார் வரும்?"

"மில்லு சார். எங்களுக்கு ரசத்துலயே வரும்."

சிரித்தான். நானும் சிரித்தேன்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவையா சார்? இதை யார் பண்றாங்க? நீங்களேவா?"

அக்கா அப்போது மூன்றாவது சர்வருக்குப் பின்னால் குனிந்திருந்தாள். பிரஷ் சத்தமும் முனகல் பாட்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

"நான்தான்" என்றேன்.

பிரஷ் சத்தம் நின்றது. பிறகு தொடர்ந்தது. பாட்டு மட்டும் தொடரவில்லை.

அடுத்த மாதம் அக்காவை மறுபடி ஸ்பின்னிங்குக்கு அனுப்பினார்கள். ரெஜிஸ்டரில் பெயர் அங்கேதானே இருந்தது, ஒரு காகிதம்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. போகும்போது பிரஷை என் மேஜையில் வைத்தாள். "நனைச்சுப் போட்டுராத. முடி கொட்டிரும்" என்றாள். நான் தலையாட்டினேன்.

சென்னைக்காரர்கள் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அறையின் சூடு எத்தனை டிகிரி என்று அங்கே இருந்தே தெரிந்தது அவர்களுக்கு. ஏதாவது உடையட்டும், அந்தச் சாக்கில் அக்காவைத் திரும்பக் கேட்போம் என்று காத்திருந்தேன். உடையவில்லை. எப்படி உடையும்? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரஷை எடுத்துக்கொண்டு நான்தான் போய்க்கொண்டிருந்தேனே. ஒருநாள் வேண்டுமென்றே போகவில்லை. காலையிலிருந்து துடைக்காமல் விட்டேன். நூல்கள் ஒவ்வொன்றாகத் துவண்டன. மூன்று மணிக்கு போன் வந்தது. "சார், டெம்பரேச்சர் ஏறுது, கொஞ்சம் பாருங்க சார்." தனியாளாக என்னால் முடியவில்லை, ஓர் ஆள் வேண்டும். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். நாக்கு நுனிவரை வந்தது. "எல்லாம் நானேதான் பண்றேன்னு எழுதியிருந்தீங்களே சார்" என்று கேட்டால்? பிரஷை எடுத்துக்கொண்டு போனேன். பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டு, "சரி பண்ணிட்டேன் சார்" என்றேன்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் அக்காவைப் பார்ப்பேன். மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருப்பாள். "பொட்டியெல்லாம் சௌக்கியமா?" என்று கேட்பாள், துண்டுக்குள்ளிருந்து. தை மாதம் வரை கேட்டாள். மாசியில் ஆளைக் காணவில்லை. வேனில் வரும் பெண்களிடம் கேட்டேன்.

"அந்தக்காவா? அவுக நின்னுட்டாகளே. தெரியாதா ஒங்களுக்கு?" என்றாள் ஒருத்தி. "வேன் படி ரெண்டு ஏறுறதுக்குள்ள உசுரு போயி உசுரு வந்துச்சு அவுகளுக்கு."

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கடமலைக்குண்டு போனேன். இலவங்காய் வெடிக்கும் காலம். வருசநாட்டுப் பக்கத்துக் காயெல்லாம் வந்து குவிந்து, தெருவுக்குத் தெரு உடைத்துக் கொட்டை நீக்குகிறார்கள். மில்லில் பஞ்சுக்கு ஒரு கூரையாவது உண்டு. இங்கே கூரை கிடையாது. வேலி மேல், மாட்டின் கொம்பில், கோயில் சுவரில், எங்கும் வெள்ளை. அக்காவின் வீட்டுக் கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. தட்டினேன். "யாரு?" என்று கேட்டு, உள்ளே வரும் அளவுக்கு மட்டும் திறந்து, உடனே சாத்தினாள்.

பாதியாகியிருந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் பேச முடிந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நிறுத்தி மூச்சை எடுத்துவந்தாள், தூரத்துக் கிணற்றில் தண்ணீர் எடுத்துவருகிற மாதிரி.

"எப்படிக்கா இருக்கீக?"

"இருக்கேன். இந்தச் சித்திரை போகணும். பஞ்சு அடங்குனா எந்திரிச்சிருவேன்."

பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். படிவத்தைச் சொன்னேன், நான்கு கட்டங்களைச் சொன்னேன், நான்கு வரியிலும் என் பெயரை எழுதியதைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதாக்கும். நான் அங்கனதான நின்னேன்" என்றாள்.

"வேற வழி தெரியலக்கா. ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா?" மூச்சு எடுத்தாள். "நீ பொழச்சுக்க தம்பி, எம் பேர விட்டுருன்னு சொல்லிருப்பேன்னு நெனைக்கிறியா?"

இல்லையென்று கையை அசைத்தாள்.

"சொல்லிருக்க மாட்டேன். எம் பேரத்தான் எழுதுன்னு சொல்லிருப்பேன். நீ படிச்சவன். ஒனக்கு வேற ஊரு இருக்கு, வேற வேல இருக்கு. எனக்கு அந்த ஒரு ரூம்புதான இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட அவளிடம் மூச்சு இல்லை. நான் எழுந்தேன். வருகிறேன் என்றேன். கையை நீட்டித் தடுத்தாள்.

"உக்காரு. சும்மா சும்மா கதவத் தொறக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் உள்ள வந்துருது, அப்புறம் ராவெல்லாம் இழுக்கும். வீட்டுக்காரரு வர்ற நேரந்தான். அவரு உள்ள வாறப்ப நீ வெளிய போயிரு."

மறுபடி உட்கார்ந்தேன். அவளுடைய கணவருக்குப் பஞ்சுக் குடோனில் சுமை ஏற்றும் வேலை. எப்போது வருவார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. இருவரும் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அரைமணி நேரம் இருக்கும், முக்கால் மணிகூட இருக்கலாம். அந்த இருட்டில் அவள் மூச்சு போய்த் திரும்புவது மட்டும் கேட்டது. போவதற்கும் திரும்புவதற்கும் நடுவே ஒவ்வொரு முறையும் நான் காத்திருந்தேன்.

வெளியே யாரோ சட்டையைக் கழற்றி உதறும் சத்தம். மூன்று முறை, நான்கு முறை.

"வந்துட்டாரு. கௌம்பு" என்றாள்.

கதவு பாதி திறந்தது. வெற்றுடம்போடு பக்கவாட்டில் நுழைந்த மனிதர் என்னைப் பார்த்து, "அடடே, மில்லுச் சாரா? காப்பித்தண்ணி எதுவும் குடிச்சீகளா?" என்று கேட்டார். குடித்தேன் என்று பொய் சொல்லிவிட்டு, அவர் தோளை உரசிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.