மூட்டைக்குக் கீழே நின்ற சூடு

கனடாவின் ஸ்காபரோவில் முப்பது வருசமாக வீடுகளைச் சூடாக்கும் ஹீற்றிங் பூட்டிக் கொடுக்கிறவர் பாக்கியராசா. பிறம்ரன் வெயர்ஹவுஸில் பெட்டி தூக்கிக்கொண்டே தொழில் படித்த ஆள். அவர் கை வைத்தால் பிழை வராது என்று ஊருக்குள் ஒரு பெயர். அந்தப் பெயர்தான் இப்போது போகப் பார்த்தது.

வெறுங்காலோடு நிற்கிற சனம் பாவமென்று கோயில் மண்டபத்துத் தரைக்குக் கீழே வெந்நீர்க் குழாய் ஓடவிட்டவர் அவர். கார்த்திகையில் வெதுவெதுப்பாக இருந்த தரை, நாளைக்குத் தைப்பூசம் என்கிற நேரத்தில் ஐஸ்கட்டி. தண்ணீரைச் சூடாக்கும் பொயிலர் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு தானாக நின்றுவிடும். நாலு நாளாகப் பம்பை மாற்றினார், வயரை மாற்றினார், நித்திரையையும் தொலைத்தார்.

"பின்னேரத்துக்குள்ள சரிவராட்டி வேற ஆளைக் கூப்பிட்டுத் தரை ரைல்ஸை உடைக்கிறதுதான், தம்பி," என்றார் கோயில் தலைவர் இராசரத்தினம்.

பாக்கியராசாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, இங்கிலாந்தில் படிக்கிற மகள் தக்ஷிகா ஒரு படம் அனுப்பிவிட்டு ஃபோன் எடுத்தாள்.

"அப்பா, உங்கட வேலைதான்! ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி ரோமன் ஆக்கள் தரைக்குக் கீழ சூடு விட்டிருக்கினம். இஞ்ச ஒரு பார்க்கில அப்பிடியே வச்சிருக்கினம்."

படத்தில், தரையைத் தாங்கிய குட்டிச் செங்கல் தூண்கள். ஒரு மூலைத் தூண்கள் மட்டும் கறுத்துக் கிடந்தன.

"அடுப்பு அந்தப் பக்கம் இருந்திருக்கும், பிள்ளை. சூடு அதிலதான் கூடத் தேங்கி நிண்டிருக்கு..." சொல்லிக்கொண்டு வந்தவர் குனிந்து தன் காலடித் தரையைப் பார்த்தார். இயந்திரத்தைக் குடைந்தாரே தவிர, தரையை ஒருமுறையாவது தொட்டுப் பார்த்தாரா?

சொக்ஸைக் கழற்றிவிட்டு மண்டபம் முழுக்க நடந்தார். எல்லா இடமும் குளிர். தென்மூலையில் அன்னதானத்துக்கு வந்த அரிசி மூட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அடி மூட்டைக்குக் கீழே கையை நுழைத்தார். சுட்டது! தரைச் சூட்டை அளக்கிற கருவியை அவர் புதைத்தது அந்த இடத்தில்தான். மூட்டைகள் போர்வை போலச் சூட்டைப் பிடித்துவைக்க, மண்டபமே சூடென்று நினைத்து அது பொயிலரை நிறுத்திக்கொண்டிருந்தது.

"ஐயோ, போன கிழமை உதில அடுக்கச் சொன்னது நான்தானே!" என்று இராசரத்தினம் தலையில் கை வைத்தார். பிறகு அவரே முதல் மூட்டையைத் தூக்கினார்.

மறுநாள் பூசை முடிந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

"சாப்பாடு ஆறுது, வாங்கோ," என்று இராசரத்தினம் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். சனம் காலை நீட்டி இன்னும் வசதியாக இருந்துகொண்டது. பாக்கியராசா தூணில் சாய்ந்து, நாலு நாளைக்குப் பிறகு நிம்மதியாகக் கண்ணை மூடினார்.